அழிச்ச இடத்துலதான் விடை இருந்துச்சு: ஒத்தக்கடை பையன் ஒருத்தனோட ரஃப் ஷீட் கேஸ்

மொதல்ல அந்தத் தாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கேஸே அங்கதான் ஆரம்பிக்குது. ஐஓக்யூஎம் (இந்தியாவுல கணக்கு ஒலிம்பியாட்டோட மொதக் கட்டத் தேர்வு) மாதிரித் தேர்வு, 3 மணி நேரம், 30 கணக்கு, மொத்தம் 100 மார்க், எல்லா விடையும் 00ல இருந்து 99க்குள்ள ஒரு முழு எண், அதை ஓஎம்ஆர் ஷீட்ல வட்டம் நெரப்பணும், அவ்ளோதான். வழி எழுத வேண்டியதில்ல. அதனால பிள்ளைக எல்லாம் ரஃப் ஷீட்லதான் கணக்குப் போடுவாங்க, அது எப்பவும் கிறுக்கலாத்தான் இருக்கும், ஆனா இவன் குடுத்த ரஃப் ஷீட் பளிச்சுன்னு இருந்துச்சு. 30 கணக்குக்கும் சேத்து அங்கொண்ணும் இங்கொண்ணுமா நாலு வரி. மத்த இடமெல்லாம் வெள்ளை.

நான் கணக்கு டீச்சரா 32 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, வீடு மதுரைக்குப் பக்கத்துல ஒத்தக்கடை, மாடியில நின்னா யானைமலை முழுசாத் தெரியும், அந்த மாடியிலதான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நாலஞ்சு பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் கணக்கு சொல்லித் தர்றேன். இவன் பத்தாவது படிக்கிறான், அப்பா பஸ் ஸ்டாப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். சூத்திரமெல்லாம் நல்லாத் தெரியும், கேட்டா டக்குனு சொல்லுவான், ஆனா புதுசா ஒரு கணக்கைக் குடுத்தா அரை மணி நேரம் கழிச்சு வெறுந்தாளோட உக்காந்திருப்பான். இவன் முயற்சியே பண்றதில்ல, யோசிக்கச் சோம்பல்படுறான்னுதான் ரெண்டு மாசமா நான் நெனச்சுக்கிட்டிருந்தேன், ரெண்டு தடவ வஞ்சும் இருக்கேன். அது தப்பு. எவ்ளோ பெரிய தப்புன்னு அந்தத் தாள்தான் எனக்குக் காட்டுச்சு.

அன்னைக்கி அவன் தப்பா போட்டதுல ஒரு எண்ணியல் கணக்கு இப்படி (ஆங்கில எழுத்துக்குப் பதிலா க, ம, ப எல்லாம் வச்சுக்குறேன்): க² + 12க + 77 ஒரு முழு வர்க்கமா வரணும், க ஒரு மிகை முழு எண், அப்படிப்பட்ட க எல்லாத்தையும் கூட்டுனா என்ன வரும்? இவன் 00ன்னு நெரப்பியிருந்தான். அதாவது அப்படி ஒண்ணுமே இல்லைங்குறான்.

"ஏண்டா, 00 எப்படி வந்துச்சு?"

"தெரியல டீச்சர்."

"சும்மா அடிச்சியா?"

"இல்ல டீச்சர், போட்டேன்."

போட்டேங்குறான், தாள்ல ஒண்ணும் இல்ல. தாளைத் தூக்கி டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தேன். பென்சில் அழுத்துன தடம் வரிவரியா இருந்துச்சு. 90, 105, 122, 141, 162, 185, 210, 237, 266, 297, 330, 365. 1ல இருந்து 12 வரைக்கும் க போட்டு ஒவ்வொண்ணாக் கணக்குப் போட்டிருக்கான், அதுவும் பன்னெண்டும் சரி, ஒண்ணு கூடத் தப்பில்ல. சில எண்ணுக்குப் பக்கத்துல 17² = 289, 18² = 324ன்னு கிட்ட இருக்குற வர்க்கத்தையும் எழுதிப் பாத்திருக்கான். எல்லாத்தையும் கடைசியில ரப்பர் வச்சு சுத்தமா அழிச்சுட்டான்.

எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. இந்தப் பயல நான் சோம்பேறின்னுல்ல வஞ்சேன்.

ஏன் அழிச்சேன்னு கேட்டேன். "வரல டீச்சர், அதான்." ஸ்கூல்ல நோட்டுல அடிச்சு எழுதியிருந்தா மார்க் கட் பண்ணுவாங்களாம், அது எந்த ஸ்கூல்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா 32 வருஷம் நானும் அதையேதான் செஞ்சேன். "நீட்டா இருக்கணும்"ன்னு சொல்லிச் சொல்லியே எத்தன பிள்ளைக போட்ட வழிய அழிக்க வச்சேனோ. அது இப்ப நெனச்சாலும் மனசுல கெடந்து உறுத்துது.

மறுநாள் ரப்பரை வாங்கி வச்சுக்கிட்டேன். பென்சிலும் வேணாம், பால்பாயிண்ட் பேனாதான். தாளுக்குப் பஞ்சமே இல்ல, அவங்கப்பா கடையில இருட்டா விழுந்த ஜெராக்ஸ், பாதி பிரிண்ட்ல மாட்டுன தாள் எல்லாம் ஒருபக்கம் வெள்ளையா கட்டுக்கட்டாக் கெடக்கும், அதுல ஒரு கட்டு கொண்டாரச் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சா ஒரே ஒரு கோடு, அடியில இருக்குறது படிக்க முடியணும், பக்கத்துல ஏன் நிறுத்துனேன்னு ரெண்டு வார்த்தை. இவ்ளோதான் சொன்னேன்.

அதே கணக்கை அப்படிப் போடச் சொன்னேன். அந்த 12 வரியும் மறுபடி வந்துச்சு. இந்தத் தடவ ஒரு சின்ன வேலை கூடச் சேத்தேன்: ஒவ்வொரு எண்ணுக்கும் கீழ கிட்டக்க இருக்குற வர்க்கத்தக் கழிச்சு மிச்சம் எவ்ளோன்னு பக்கத்துல எழுதுடான்னேன். எழுதுனான். 90ல 81 போக 9. 105ல 100 போக 5. 122ல 121 போக 1. அப்பறம் 141ல 121 போக 20.

"இங்கதான் டீச்சர்" அப்படின்னான், "9, 5, 1ன்னு கிட்ட வந்துச்சு, அடுத்தது வந்துரும்னு பாத்தா 20ன்னு போயிருச்சு, அதான் அன்னைக்கே இது ஆகாதுன்னு விட்டேன், மிச்சத்தை சும்மாதான் போட்டேன்."

இது எவ்ளோ முக்கியமான தகவல் பாருங்க. இவன் எங்க நம்பிக்கைய விட்டான்ங்குறது நாலாவது வரியில இருக்கு. தாளை அழிச்சுட்டா அது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. விடாம எழுதுடான்னு மட்டும் சொன்னேன். 20, 18, 16, 14, 12, 10, 8, 6, 4. பன்னெண்டாவது வரியில 365 - 361 = 4ன்னு எழுதி முடிச்சவன் பேனாவ எடுக்கவே இல்ல, தலையும் நிமிரல. நானும் பேசல. கீழ தெருவுல பஸ் ஹாரன் அடிக்கிற சத்தம் மட்டுந்தான். அப்பறம் அவனாவே 13க்கு 402, 400 போக 2ன்னு எழுதுனான். 14க்கு 441. 21². மிச்சம் 0.

ரெண்டு வரி முன்னாடி நின்னுருக்கான். ஆனா இன்னும் ரெண்டு எண் போட்டிருந்தா வந்திருக்கும்னு இதைப் படிக்கிறவங்க நெனச்சுறக் கூடாது, நானும் அதை அவன்கிட்ட சொல்லல. விடை 114ல இருந்திருந்தா என்ன பண்ணுவான்? 20, 18, 16ன்னு ரெண்டு ரெண்டா எறங்குறதப் பாத்தவனுக்கு 14ன்னு போடாமலே தெரியும், அது 114ஆ இருந்தாலும் தெரியும். அந்த எறக்கம்தான் கணக்கு. அவன் கையாலயே போட்டு அவன் கையாலயே அழிச்ச 12 வரிக்குள்ள அது இருந்துச்சு.

ஏன் ரெண்டு ரெண்டா எறங்குதுன்னு கேட்டேன். பக்கத்துல எழுதியிருந்த வர்க்கத்தப் பாத்தான், 4க்கு 11², 5க்கு 12², 10க்கு 17², ஆக க + 7 ஓட வர்க்கம். (க + 7)² = க² + 14க + 49, கழிச்சா 28 - 2க. அதுதான் 20, 18, 16. க = 14ல பூஜ்யம். சரி, 14க்கு அப்பறம் வேற எதுவும் வராதுன்னு எப்படிச் சொல்லுவன்னேன். இதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தான், ரெண்டு கோடு அடிச்சான், அடிச்சதுக்குப் பக்கத்துல "பெரிசாப் போகுதுன்னு மட்டும் சொன்னா பத்தாது"ன்னு எழுதியிருந்தான், அந்தத் தாள் இன்னும் என்கிட்ட இருக்கு. அப்பறம் புடிச்சான்: 15ல இருந்து 28 - 2க எதிர்மறை, அதனால நம்ம எண் (க + 7)²ஐ விடச் சின்னது, ஆனா (க + 6)² = க² + 12க + 36, அதைவிட நம்ம எண் எப்பவும் 41 பெரிசு. அடுத்தடுத்த ரெண்டு வர்க்கத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டது எப்படி வர்க்கமாகும்? 14க்குக் கீழ இருக்குற 13 எண்ணையும் ஏற்கனவே போட்டுப் பாத்தாச்சு. முடிஞ்சுச்சு, விடை 14.

வழக்கமா இதைப் போடுற வழி வேற, அதையும் அப்பறம் காட்டுனேன். க² + 12க + 77 = (க + 6)² + 41, இது ம²ன்னா (ம - க - 6)(ம + க + 6) = 41, 41 பகா எண், அதனால ஒண்ணு 1 இன்னொண்ணு 41, கூட்டுனா 2ம = 42, ம = 21, க + 6 = 20, க = 14. மூணு வரி. தேர்வுல இதான் வேகம், சந்தேகமே இல்ல. ஆனா இந்த மூணு வரியை மட்டும் மொத நாளே சொல்லிக் குடுத்திருந்தா அவன் அதையும் சூத்திரப் பட்டியல்ல ஒண்ணா சேத்திருப்பான். அவன் பட்டியல்ல இருந்து வந்த வழிய அவனே கண்டுபுடிச்சான், அதுக்கப்பறம் இந்த மூணு வரியப் பாக்கும்போது "ஓ, அந்த 41 தானா இது"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்.

அடுத்தது வடிவியல். இங்க கதை வேற மாதிரி.

கணக்கு: ஏபிசி முக்கோணம், ஏபி = 13, பிசி = 14, சிஏ = 15. ஹெச் செங்கோட்டு மையம், அதாவது மூணு குத்துக்கோடும் சந்திக்கிற புள்ளி. ஏ-ல இருந்து பிசிக்கு வர்ற குத்துக்கோட்டோட அடி டி. ஹெச்டி நீளத்தச் சுருக்குன பின்னமா எழுதி, மேல இருக்குறதையும் கீழ இருக்குறதையும் கூட்டு. இவன் விடை 21. சரியான விடை 19.

இப்ப ரப்பர் இல்லாததால தாள் முழுசா இருந்துச்சு, அதை வச்சு என்னால பின்னாடியே போக முடிஞ்சுச்சு. ஏடிய நீட்டி சுற்றுவட்டத்த ஈ-ல வெட்டுனா ஹெச்டியும் டிஈயும் சமம், இந்தத் தேற்றம் அவனுக்குத் தெரியும், அழகா எழுதியிருந்தான். பரப்பு 84, ஏடி = 12, சரி. சுற்றுவட்ட ஆரம் 65/8, சரி. அப்பறம் "ஏஈ விட்டம் = 65/4", அதனால டிஈ = 65/4 - 12 = 17/4, 17 + 4 = 21. அந்த ஒரு வரிதான். ஏஈ எப்படி விட்டமாச்சு? படத்தப் பாத்தா பதில் இருக்கு: கட்டைவிரல் அளவுல ஒரு முக்கோணம், ரெண்டு பக்கமும் சமமா கோபுரம் மாதிரி நிக்கிது, வட்டத்தோட மையம் கரெக்டா ஏடி மேல உக்காந்திருக்கு. 13, 14, 15ன்னு கணக்கு சொல்லுது, இவன் படம் 14, 14, 14ன்னு சொல்லுது, இவன் படத்த நம்பிட்டான்.

இது தேற்றம் தெரியாத தப்பு கெடையாது. மறுபடி தேற்றம் சொல்லிக் குடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால காம்பஸ் எடுத்து, செ.மீ.லயே உண்மை அளவுக்கு வரையச் சொன்னேன். 14 செ.மீ. அடி, 13ம் 15ம் ரெண்டு வில், வட்டத்தோட விட்டம் 16.25 செ.மீ., ஏ4 தாள்ல தாராளமாக் கொள்ளும். வரைஞ்சு முடிச்சதும் மையம் ஏடி கோட்டுல இருந்து சரியா 2 செ.மீ. தள்ளி வலப்பக்கம் நின்னுச்சு. அவன் ஸ்கேல் வச்சு ரெண்டு தடவ அளந்தான். டிஈய அளந்தா 3.7க்கும் 3.8க்கும் நடுவுல, இவன் சொன்ன 17/4ன்னா 4.25, அரை செ.மீ. வித்தியாசம் ஸ்கேல்லயே தெரியுது.

அப்பறம் வழி தானா வந்துச்சு. பிடி = 5, டிசி = 9 (5, 12, 13ம் 9, 12, 15ம்), ரெண்டு நாண் வெட்டிக்கிட்டா ஏடி × டிஈ = பிடி × டிசி, 12 × டிஈ = 45, டிஈ = 15/4, கூட்டுனா 19. ஆரமே தேவையில்ல. ஹெச்டி ஏன் டிஈக்குச் சமம்னு நிறுவச் சொன்னதுக்கும் படத்தப் பாத்துச் சொன்னான்: ஹெச்பிடி கோணம் 90ல சி கோணம் போக மிச்சம், ஈபிடி கோணமும் ஈஏசி கோணமும் ஒரே வில்லு மேல நிக்கிறதால சமம், அதுவும் 90ல சி போக மிச்சம், அப்ப பிடி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி. மனப்பாடமா இருந்த தேற்றம் அன்னைக்கித்தான் அவனுக்குச் சொந்தமாச்சுன்னு நெனக்கிறேன்.

யானைமலையக் காட்டித்தான் சொன்னேன், மேலூர் ரோட்டுல நின்னு பாத்தா யானை படுத்திருக்கு, அடிவாரத்துல போய் நின்னா பாறைதான் இருக்கு, ஒரு பக்கத்துல இருந்து பாத்தத வச்சு மலை முழுக்க யானைன்னு கணக்கெழுதக் கூடாதுடா. வடிவியல்ல சமபக்கம், செங்கோணம், மையத்து வழியாப் போற கோடு இதெல்லாம் கணக்குல சொல்லாத வரைக்கும் படத்துல வரவே கூடாது, வந்தா கண்ணு அதை உண்மைன்னு எடுத்துக்கும்.

இயற்கணிதத்துல ஒண்ணு மட்டும் சொல்லிட்டு நகர்றேன். ப, ம ரெண்டும் மிகை எண், ப + ம = 1, (ப + 1/ப)² + (ம + 1/ம)² குறைஞ்சபட்சம் என்ன? இவன் ஒவ்வொரு அடைப்பும் குறைஞ்சது 2, அதனால 4 + 4 = 8ன்னு முடிச்சுட்டான். ஒவ்வொண்ணும் 2 ஆகணும்னா ப = 1, ம = 1 ஆகணும், அப்ப கூட்டு 2, கணக்கு 1ங்குது. சமம் எப்ப வரும்னு பாக்கவே இல்ல. ப = ம = 1/2 போட்டா 12.5 வருது, ப = 1/3 போட்டா 15.8 கிட்ட, 8 பக்கத்துல எதுவும் போகல, இதைப் போட்டுப் பாக்க முப்பது செகண்டு. சரியான வழி, ரெண்டு எண்ணோட வர்க்கக் கூட்டு அதுகளோட கூட்டு வர்க்கத்துல பாதிக்குக் கொறையாது, இங்க கூட்டு 1 + 1/(பம), பம அதிகபட்சம் 1/4, அதனால கூட்டு குறைஞ்சது 5, விடை 25/2. ஒரே தடவ சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான். ஆனா அதே தப்பு மூணு வாரத்துல மூணு தடவ திரும்ப வந்துச்சு, தாளெல்லாம் கைவசம் இருந்ததாலதான் அது மூணு தடவன்னே எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.

இப்ப இது சரியாப் போகாத இடத்தயும் சொல்லணும்.

பேனாவுக்கு மாறி எழுதுன மொத மாதிரித் தேர்வுல கடைசி 7 கணக்க அவன் தொடவே இல்ல. 180 நிமிஷத்துல 30 கணக்குன்னா ஒண்ணுக்கு 6 நிமிஷம், இவன் ஏன் நிறுத்துனேன்னு வாக்கியமா எழுதிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிப் போதும்? மார்க் முன்னாடி வாங்குனதவிடக் கீழ போச்சு. அவங்கப்பா கடையச் சாத்திட்டு நேரா வந்துட்டாரு, கையில அந்தத் தாளு.

"டீச்சர், தப்பா நெனக்காதீங்க. மொத இவன் எழுத்து முத்து முத்தா இருக்கும், இப்ப கோழி கிண்டுன மாதிரி இருக்கு, மார்க்கும் போச்சு. எங்குட்டுப் போகுது இது?"

அவர் கேட்டது நியாயம். அவர்கிட்ட அந்தப் பழைய வெள்ளைத் தாளையும் புதுத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இந்தத் தாள்ல உங்க மகன் எங்க மாட்டுனான்னு உங்களால சொல்ல முடியுதா, இதுல பாருங்கன்னு காட்டுனேன். அவரு கணக்குப் படிச்சவரு இல்ல, ஆனா கோடு அடிச்ச எடம் பூரா படத்துப் பக்கத்துலயே இருக்குறத அவரே கவனிச்சாரு. "படம் போட்டா மாட்டுறான் போல" அப்படின்னாரு. நான் ரெண்டு மாசமாப் பாக்காதத அவரு ரெண்டு நிமிஷத்துல பாத்தாரு.

ஆனா நேரப் பிரச்சினை நெசம், அதை மாத்தியாகணும். வாக்கியத்த விட்டுட்டு ஒத்த எழுத்துக் குறியாக்குனோம்: படத்த நம்பி ஏமாந்தா "ப", சமம் எப்பன்னு பாக்காம விட்டா "ச", பாதியில நம்பிக்க போய் நிறுத்துனா "நி". தேர்வு நேரத்துல குறி மட்டும், வீட்டுக்கு வந்தப்பறம் ஆற அமர உக்காந்து குறி போட்ட கணக்க மட்டும் திரும்பப் போடணும். ஆர்எம்ஓ (ஐஓக்யூஎம்ல தேறுனவங்க எழுதுற அடுத்த கட்டத் தேர்வு) மாதிரி போட்டுப் பழகுறப்ப கதை வேற, அங்க 3 மணி நேரத்துக்கு 6 கணக்குதான், வழி முழுக்க எழுதுனாத்தான் மார்க், அதுக்கு இந்த வாக்கியமா எழுதுற பழக்கம் அப்படியே உதவுச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு நாள் வகுப்பு இல்ல, அந்த ரெண்டு நாள்ல இவன் பழைய தாளெல்லாம் எண்ணிட்டு வந்தான், "நி" தான் அதிகம் டீச்சர், "ப" கூட அவ்ளோ இல்ல. அவனாவே சொன்னான். தெரியாம மாட்டுறத விட, தெரிஞ்ச வழியில பாதியில நின்னதுதான் ஜாஸ்தி.

இன்னொரு பொண்ணுக்கும் இதையே செய்யச் சொன்னேன், அவளுக்கு ஒத்து வரல. அவ பாதி கணக்க மனசுலயே போடுறவ, எழுதச் சொன்னதும் வேகம் போச்சு, ரெண்டு வாரத்துல விட்டுட்டோம். ரப்பர் அவளுக்கு ஒரு பிரச்சினையே கெடையாது. இந்தப் பையனுக்கு அதுதான் பிரச்சினை.

கடைசியா ஒண்ணு, எனக்கு இந்தக் கேஸ்லயே ரொம்பப் புடிச்சது.

அந்த 20, 18, 16 வந்ததுல இருந்து இவனுக்கு வரிசையப் பாத்தாலே ஒரு துள்ளல். எதக் குடுத்தாலும் சின்ன எண்ணப் போட்டு வரிசை புடிச்சுருவான், புடிச்சதும் அதான் விடைன்னுருவான். அப்ப இந்தக் கணக்கக் குடுத்தேன்: அடுத்தடுத்த 5 முழு எண்ணுல, மத்த நாலோடயும் பொதுக் காரணி இல்லாத எண் ஒண்ணாவது இருக்கும்னு நிறுவு. நல்லாவே நிறுவுனான். வித்தியாசம் 4க்கு மேல போகாது, அதனால பொதுவா வர்ற பகா எண் 2ம் 3ம் மட்டுந்தான், ஒற்றைப்படை எண்ணப் பாத்தா ரெண்டோ மூணோ இருக்கும், அதுல 3ஆல வகுபடுறது ஒண்ணுக்கு மேல இருக்க முடியாது, மிச்சம் இருக்குறத எடுத்துக்கலாம். அதோட நிக்காம 6, 7, 8, 9ன்னு அவனாவே போய்ட்டான், எல்லாத்துக்கும் எடுத்துக்காட்டு போட்டுப் பாத்தான், தாளோட அடியில பெருசா "எத்தன எண்ணுக்கும் இது உண்மை"ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தான்.

அப்பத்தான் எஸ்.எஸ். பிள்ளை பத்திச் சொன்னேன். செங்கோட்டைக்குப் பக்கத்துல வல்லத்துல 1901ல பொறந்தவரு, நம்ம மதுரையில இருந்து செங்கோட்டை ரயில் ஏறுனா போற ஊரு. எந்த முழு எண்ணையும் எத்தன அடுக்கு எண்ணோட கூட்டா எழுதலாம்ங்குற வாரிங் கணக்குல உலகமே திரும்பிப் பாத்த வேலை செஞ்சவரு, 1950 ஆகஸ்ட் 31ல அமெரிக்கா போற வழியில கெய்ரோ பக்கத்துல விமான விபத்துல போய்ட்டாரு. நீ எழுதுன இதே கேள்விய அவரும் எடுத்தாரு, 16 வரைக்கும் எப்பவும் உண்மைன்னு நிறுவுனாரு, 17ல உடையுதுன்னும் காட்டுனாரு.

"17லயா? 16 வரைக்கும் சரியா இருந்துட்டு 17ல எப்படி டீச்சர் உடையும்?"

2184ல இருந்து 2200 வரைக்கும் எழுதிப் பாருன்னேன். எழுதுனான். இரட்டைப்படை எல்லாம் போச்சு. 2187, 2193, 2199 மூணாலப் போச்சு, 2185ம் 2195ம் அஞ்சால, 2191 = 7 × 313, 2184ம் ஏழால வகுபடும். 2197 வந்ததும் நின்னுட்டான், எதாலயும் வகுபடல, ஜெயிச்சுட்டோம்னு நெனச்சான், அப்பறம் 13 × 13 × 13ன்னு தெரிஞ்சுச்சு, 2184 அதுக்குச் சரியா 13 கீழ. மிச்சம் 2189. 11 × 199. கடைசி எண் 2200ம் பதினொண்ணால வகுபடுது. மொத எண்ண எடுத்துட்டா 2197 தப்பிச்சுரும், கடைசி எண்ண எடுத்துட்டா 2189 தப்பிச்சுரும், 17ம் இருந்தாத்தான் வலை முழுசா இருக்கும். அவன் வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்தான். அந்த ரெண்டு கோடு போட்ட வாக்கியத்து மேல ஒரு கோடு இழுத்தான், படிக்கிற மாதிரி. பக்கத்துல "16 வரைக்கும்"ன்னு எழுதுனான்.

வீட்டுக்குப் போறதுக்கு எந்திரிச்சவன் மாடிப்படியில நின்னு திரும்பி, "அப்ப 18க்கு?"ன்னான்.

17க்கு மேல எந்த நீளத்துக்கும் உடையும்னு ஆல்ஃபிரட் பிரவர் 1941லயே நிறுவிட்டாரு. எனக்கு அது தெரியும், அவன்கிட்ட சொல்லல. மறுநாள் வந்தான், தாள் கட்டுல மேல ஒரு பக்கம், இதே 17 எண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு சேத்துப் பாத்திருக்கான். 2183 = 37 × 59, பக்கத்துல யாரும் இல்ல, கோடு. 2201 = 31 × 71, இங்கயும் யாரும் இல்ல, கோடு. கீழ "நி" போடல. "வேற எடத்துல தேடணும்"ன்னு எழுதி, அடுத்த தாளைத் திருப்பி வச்சிருந்தான்.